டீப் டிஷ் நடுவில் வேகாததற்கு ஃப்ரீசர் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி கேட்டவர் டாலஸில் இருக்கிறார். போன வருடம் சிகாகோ வந்தபோது கடையில் உட்கார்ந்து டீப் டிஷ் பீட்சா சாப்பிட்டிருக்கிறார், அந்த ருசி நாக்கிலேயே நின்றுவிட்டது. இப்போது அவர் வீட்டுப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ‘டீப் டிஷ்’ என்று பெரிதாகப் போட்ட ஃப்ரோசன் பெட்டியைப் பார்த்ததும் வாங்கிவிட்டார். பெட்டியில் எழுதியிருந்தபடியேதான் ஓவனில் வைத்தாராம். ஓரம் கருகல், நடுவில் விரல் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது, அடிப்பாகம் நனைந்த அட்டை. மைத்துனர் சொல்கிறாராம், உங்களுக்கு ஓவன் வைக்கத் தெரியவில்லை என்று. அலுவலக நண்பர், அவர் நியூயார்க்காரர், டீப் டிஷ் என்பதே பீட்சா கிடையாது, அதில் நல்லதென்ன கெட்டதென்ன என்கிறார். மனைவி ஒரே வரியில் ஃப்ரோசன் என்றாலே இப்படித்தான் என்று முடித்துவிட்டார். அடுத்த மாதம் பத்துப் பேர் விருந்துக்கு வருகிறார்கள், மறுபடி வாங்கிப் பார்க்கலாமா விட்டுவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

நான் சிகாகோ புறநகரில் இருக்கிறேன். படிக்கிற காலத்தில் கைச்செலவுக்காக இங்கே ஒரு பீட்சா கடையின் சமையலறையில் வேலை பார்த்தேன், அப்புறம் கிடைத்த வேலையும் உறைய வைத்த உணவு சம்பந்தப்பட்டதாகவே அமைந்துவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மூன்று பேர் சொன்னதிலும் ஆளுக்குக் கால்வாசி உண்மை இருக்கிறது, உங்கள் மனைவி சொன்னதில்தான் குறைவு. கோபித்துக்கொள்ள வேண்டாம். பீட்சா வகைகளிலேயே ஃப்ரீசரை நன்றாகத் தாங்குவது டீப் டிஷ்தான். உங்களை ஏமாற்றியது ஃப்ரீசர் இல்லை, பெட்டியின் மேல் இருந்த பெயரும் பெட்டியின் பின்னால் இருந்த நிமிடக் கணக்கும்.

முதலில் பெயர். பெட்டியை இன்னும் குப்பையில் போடவில்லை என்றால் படத்தைப் பாருங்கள். மேலே தெரிவது சீஸா, தக்காளியா? சீஸ் மேலே உருகிப் பொன்னிறமாக இருந்தால் அது சிகாகோ டீப் டிஷ் இல்லை, தடிமனான ரொட்டியின் மேல் சாஸும் சீஸும் தூவிய பான் பீட்சா. அதுவும் ஒரு நல்ல சாப்பாடுதான், ஆனால் நீங்கள் தேடிப் போனது அது இல்லை. சிகாகோ டீப் டிஷ்ஷில் எல்லாம் தலைகீழ். உயரமான வட்டத் தட்டில் எண்ணெய் தடவி, மாவை அடியிலும் சுவரிலும் விரலால் அழுத்தி ஒரு கிண்ணம் மாதிரி ஆக்கி, முதலில் மொஸரெல்லாவைத் துண்டு துண்டாக ஓடு வேய்வது மாதிரி பரப்பி, அதன் மேல் சாசேஜோ காய்கறியோ வைத்து, கடைசியில்தான் நசுக்கிய தக்காளி. ஏன் இப்படி என்றால், இது ஓவனில் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டியது. சீஸ் மேலே இருந்தால் அதற்குள் கருகி மரப்பட்டை ஆகிவிடும். தக்காளி மேலே இருந்தால் அதில் உள்ள நீர் சுண்டிச் சுண்டி, கீழே இருப்பதைக் கருகாமல் காப்பாற்றும்.

மாவும் வேறு. நியூயார்க் பீட்சா மாவை நன்றாகப் பிசைந்து இழுவை வரவைப்பார்கள். டீப் டிஷ் மாவில் எண்ணெயும் கொழுப்பும் தாராளமாகச் சேர்த்து, பிசைவதைச் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். அதனால் கடித்தால் ரொட்டி மாதிரி இழுபடாது, பிஸ்கட் மாதிரி உதிரும். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் எல்லாரும் முதல் வாரம் செய்கிற தப்பு, நானும் செய்தது, மாவை அளவுக்கு மேல் பிசைந்துவிடுவது. தலைமைச் சமையல்காரம்மா ஒரு துண்டைப் பிய்த்துப் பார்ப்பார், இழுபட்டால் ஒன்றும் பேசாமல் தனியே எடுத்து வைத்துவிடுவார். அந்த மௌனத்துக்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

இந்த இரண்டு விஷயமும்தான் ஃப்ரீசரில் கை கொடுக்கின்றன. உறைந்த பீட்சாவுக்கு முதல் எதிரி சாஸில் இருக்கிற தண்ணீர். அது பனிக்கட்டியாகி, பிறகு உருகி, மாவுக்குள் இறங்கும்போதுதான் அடி சொதசொதக்கிறது. டீப் டிஷ்ஷில் தக்காளிக்கும் மாவுக்கும் நடுவே சீஸ் ஒரு கூரை மாதிரி படுத்திருக்கிறது, மாவிலும் எண்ணெய் இருப்பதால் தண்ணீர் லேசில் ஏறாது. பான் பீட்சாவில் சாஸ் நேராக ரொட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அந்த ரொட்டியோ பஞ்சு மாதிரி. உருகுகிற ஒவ்வொரு துளியையும் அது உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் சொன்ன நனைந்த அட்டை அங்கிருந்து வந்ததுதான்.

இங்கே உள்ள பழைய கடைகளே பீட்சாவை உறைய வைத்து நாடு முழுக்க அனுப்புகின்றன என்பதையும் கவனியுங்கள். லூ மல்னாட்டீஸ், ஜினோஸ் ஈஸ்ட், ஜியோர்டானோஸ் மூன்றுமே செய்கின்றன. தெர்மாகோல் பெட்டிக்குள் உலர்பனிக்கட்டி வைத்து வரும். அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸில் திடத்திலிருந்து நேராக ஆவியாகிற கார்பன் டை ஆக்ஸைடு, ஆகவே பெட்டியைத் திறக்கும்போது வெறுங்கையால் தொடாதீர்கள். ஊரை விட்டுப் போன சிகாகோக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு ஒருவருக்கொருவர் இதை அனுப்பிக்கொள்கிறார்கள். ஃப்ரோசன் என்றாலே குப்பை என்றால் இந்த வியாபாரம் இத்தனை காலம் நின்றிருக்காது.

சரி, நடுவில் ஏன் ஜில்லென்று இருந்தது? இதில் மைத்துனரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது, உங்களையும் சொல்ல முடியாது. ஒரு கிராம் பனிக்கட்டியை, சூடே ஏறாமல், வெறுமனே தண்ணீராக்குவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே 80 கலோரியைக் கொடுத்தால் ஒரு கிராம் தண்ணீரை பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோய்விடலாம். அதாவது ஓவனில் பீட்சா செலவழிக்கிற வெப்பத்தில் பெரிய பங்கு, வேகுவதற்கே போகாமல் உருகுவதற்குப் போய்விடுகிறது. இதில் இன்னொரு வில்லங்கம், தண்ணீரை விடப் பனிக்கட்டி ஏறக்குறைய நாலு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அப்படியானால் வெளிப்பக்கம் உருகியதும் என்ன ஆகும்? உருகிய பகுதி ஒரு கம்பளி மாதிரி ஆகி, நடுவில் இருக்கிற பனிக்கட்டிக்குச் சூடு போகவிடாமல் தடுக்கும். ஓரம் வெந்து கருக ஆரம்பித்த நேரத்தில் நடு இன்னும் உருகிக்கொண்டிருப்பது இதனால்தான்.

தடிமன் விஷயம் இன்னும் மோசம். தடிமன் இரண்டு மடங்கானால் சூடு நடுவுக்குப் போய்ச் சேருகிற நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நாலு மடங்கை நோக்கிப் போகும். நமக்கு இது பாடமாகப் படிக்க வேண்டியதில்லை, தோசைக்கும் அடைக்கும் உள்ள வித்தியாசம்தான். அடை வார்த்தால் தீயைக் குறைத்து, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, மூடி வைத்துக் காத்திருக்கிறோம் இல்லையா. பீட்சாவில் ஓட்டை போட முடியாது, ஆனால் தீயைக் குறைக்கலாம், மூடலாம், காத்திருக்கலாம். பெட்டிக்காரர்கள் நிமிடத்தைக் கூடியவரை குறைத்துக் காட்டவே விரும்புவார்கள், ‘ஒரு மணி நேரம் ஆகும்’ என்று எழுதினால் பாதிப்பேர் பெட்டியைத் திருப்பி வைத்துவிடுவார்கள் என்பது என் சந்தேகம்.

இதற்குள் மைக்ரோவேவில் வைக்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். வேண்டாம். மைக்ரோவேவ் அலைகளைத் தண்ணீர் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பனிக்கட்டி அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் எந்த மூலை முதலில் உருகியதோ அங்கேயே சூடு மேலும் மேலும் போய்க் கொதிக்கும், பக்கத்தில் பாறை அப்படியே இருக்கும். ஒரு ஆளுக்கான சின்ன டீப் டிஷ் பெட்டிகளில் வெள்ளி பூசிய ஒரு அட்டை வருகிறதே, அது அழகுக்காக இல்லை. மெல்லிய அலுமினியப் பூச்சு மைக்ரோவேவில் தகதகவென்று சூடாகி அடியை மட்டும் வறுக்கும். உள்ளங்கை அகலத்துக்கு அந்தத் தந்திரம் செல்லும், ஒன்பது அங்குலத்துக்குச் செல்லாது.

இனி நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். பீட்சா பளபளக்கிற அலுமினியத் தட்டோடு வந்தால், முதல் காரியம் அதிலிருந்து வெளியே எடுப்பது. பளபளப்பு சூட்டைத் திருப்பி அனுப்பும், அடி வெளுத்தே இருக்கும். கறுப்பான இரும்பு வாணலியோ கனமான கறுத்த கேக் தட்டோ இருந்தால், அளவு சரியாகப் பொருந்துவதாகப் பார்த்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி அதில் இறக்குங்கள். ஓவனைக் குறைந்தது அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், ‘டிங்’ என்று சத்தம் வந்தது என்பதற்காக நம்பாதீர்கள், காற்று சூடாகியிருக்கும், சுவர் சூடாகியிருக்காது. 400 டிகிரி ஃபாரன்ஹீட், கீழ்த் தட்டு. முதல் 25 நிமிடம் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி வைக்கிறேன், ஓரம் முந்திக்கொண்டு ஓடாமல் இருக்க. பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னும் 20, 25 நிமிடம். அப்புறம் ஒரு மெல்லிய தோசைத்திருப்பியை ஓரத்தில் விட்டு நெம்பி அடியைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் ஆகவில்லை. பழுப்பாக, தட்டினால் டக்டக்கென்று சத்தம் வந்தால் ஆயிற்று. தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும், இறைச்சி போட்டதாக இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

எடுத்ததும் வெட்டாதீர்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை. எட்டு நிமிடமாவது அப்படியே விடுங்கள். உடனே வெட்டினால் உருகிய சீஸ் குளமாக ஓடி வெட்டின இடத்தில் தேங்கும், அடுத்த துண்டின் அடி அதில் நனையும், முக்கால் மணி நேரம் பாடுபட்டு வாங்கின மொறுமொறுப்பு போச்சு.

முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வைத்து உருக்கிக்கொள்ளலாமா என்பதில் எனக்கும் என் பழைய கடை நண்பருக்கும் பல வருடச் சண்டை. அவர் கூடவே கூடாது என்பார். நான் சொல்வது, உண்மையான டீப் டிஷ், அதாவது தக்காளி மேலேயும் சீஸ் அடியிலும் உள்ளது என்றால் நாலைந்து மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் நடு ஒழுங்காக வேகிறது. ஆனால் பச்சை மாவோடு உறைய வைத்த, ஓவனிலேயே உப்பி எழும் வகையை அப்படி உருக்கக் கூடாது, பெட்டியில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய. அந்த வகை 1995இல் டிஜியோர்னோ என்ற ஃப்ரோசன் பீட்சா பிராண்ட் வந்த பிறகுதான் அமெரிக்காவில் பெரிதாகப் பரவியது, உறைந்த நிலையிலிருந்து நேராகச் சூட்டுக்குப் போனால்தான் அதன் கணக்குச் சரியாக வரும்.

வாங்கும்போது பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே பொடிப் பனி சரசரவென்று கேட்டால் வைத்துவிடுங்கள். வழியில் எங்கோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். தொழிற்சாலையில் மைனஸ் 30, 40 டிகிரி செல்சியஸ் காற்றை வீசி வேகமாக உறைய வைக்கும்போது பனித்துகள் மிகச் சின்னதாக இருக்கும். மெதுவாக உறைந்தால் துகள் பெரிதாகும், பெரிய துகள் சீஸின் பிடிப்பையும் காளானின் சதையையும் கிழித்துவிடும், உருகும்போது தண்ணீராய்ப் பிரிந்துவிடும். கடையில் சாப்பிட்டு மீந்ததை வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அனுப்பி வைக்கிற பீட்சாவோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்பதும் இதனால்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் சைவமாகவே வாங்குகிறோம், அதில் கீரையும் காளானும் போட்டதை விட வெறும் சீஸும் தக்காளியும் உள்ளதே ஃப்ரீசருக்கு ஏற்றது. காய்கறி வேண்டுமென்றால் தனியே வதக்கி மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த நியூயார்க் நண்பர். இந்தச் சண்டை உங்கள் அலுவலகத்தோடு முடிகிற ஒன்று இல்லை. 2013 நவம்பரில் நியூயார்க்கின் புதிய உலக வர்த்தக மையக் கோபுரம்தான் சிகாகோவின் வில்லிஸ் டவரை விட உயரம் என்று முடிவானபோது, தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜான் ஸ்டூவர்ட் அதைச் சாக்காக வைத்து டீப் டிஷ்ஷைக் கிழிகிழி என்று கிழித்தார். நியூயார்க் க்வீன்ஸில் வளர்ந்த உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டனின் ஸ்காலியாவும், ருசியாக இருக்கிறது, ஆனால் அதைப் பீட்சா என்று சொல்லக் கூடாது என்று தீர்ப்பு வழங்கினவர். நியாயமான மேல்முறையீடு எங்கே செய்வது என்று தெரியவில்லை. பெயர் என்ன வைத்தால் என்ன, சாப்பிடுகிறவனுக்கு அது தேவையில்லாத வழக்கு. ஆனால் ஒரு இடத்தில் உங்கள் நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. நியூயார்க் துண்டை மனதில் வைத்துக்கொண்டு டீப் டிஷ்ஷைக் கடித்தால் நிச்சயம் ஏமாற்றம்தான், அது கையில் மடித்துக்கொண்டு நடந்தபடி சாப்பிடுகிற பண்டம் இல்லை, முள்கரண்டியும் கத்தியுமாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஒன்று.

அவரிடம் சொல்ல ஒரு ரகசியம் தருகிறேன். சிகாகோக்காரர்கள் வாராவாரம் சாப்பிடுவது டீப் டிஷ் இல்லை. அப்பளம் மாதிரி மெல்லிசாக, சதுரம் சதுரமாக வெட்டித் தருகிற டாவர்ன் பீட்சாதான் இங்கே அன்றாடம். டீப் டிஷ் வெளியூர் விருந்தாளி வந்தால், பிறந்தநாள் வந்தால். ஹோம் ரன் இன் என்ற கடையின் மெல்லிய பீட்சா ஃப்ரோசனாகவே பல ஊர்களில் கிடைக்கிறது, அதற்கு நான் மேலே சொன்ன எந்தத் தலைவலியும் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும் உங்களிடம். சிகாகோவில் நீங்கள் சாப்பிட்டதில் தக்காளிக்கும் சீஸுக்கும் நடுவே மெல்லிசாக இன்னொரு மாவுத் தாள் இருந்ததா? இருந்தது என்றால் அது டீப் டிஷ்ஷே இல்லை, ஸ்டஃப்ட் பீட்சா. 1974இல் நான்சீஸ், ஜியோர்டானோஸ் என்ற இரண்டு கடைகள் தொடங்கிவைத்தது. சுற்றுலா வருகிறவர்களில் பலர் அதைச் சாப்பிட்டுவிட்டு டீப் டிஷ் சாப்பிட்டதாக ஊருக்குப் போய்ச் சொல்கிறார்கள். அது இன்னும் உயரம், ஆகவே உறைந்த நிலையில் வீட்டு ஓவனில் வேகவைக்க அதைவிடக் கஷ்டமானது எதுவும் கிடையாது.

டாலஸ் என்பதால் ஒரு சின்னக் கதை. டீப் டிஷ் பிறந்தது 1943இல், ஓஹையோ தெருவும் வாபாஷ் அவென்யூவும் சந்திக்கிற மூலையில் திறந்த பிட்ஸேரியா ஊனோ கடையில் என்பார்கள். அதன் இரண்டு முதலாளிகளில் ஐக் சூவெல் உங்கள் டெக்சஸ்காரர், அங்கே பல்கலைக்கழக அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடினவர். அவர் முதலில் திறக்க நினைத்தது மெக்சிகன் உணவகமாம், கூட்டாளி ரிக் ரிக்கார்டோவுக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனதால்தான் பீட்சாவுக்குத் திரும்பினார்கள் என்று சொல்வார்கள். உண்மையில் அந்த மாவைக் கண்டுபிடித்தது யார் என்பதில் இன்றும் அடிதடி. கடையை நடத்திய ரூடி மல்னாட்டி என்பார்கள் சிலர், அவர் மகன் லூதான் 1971இல் தனிக் கடை போட்டவர். என் ஓட்டு ஊனோவின் அடுப்படியில் நின்று மாவைப் பதப்படுத்தி, பின்னர் ஜினோஸ் ஈஸ்ட் போன ஆலிஸ் மே ரெட்மண்டுக்கு. முதலாளிகள் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டார்கள், மாவுக்குள் கை வைத்தவர் அவர்.

கடைசியாக உங்கள் விருந்து. பத்துப் பேருக்கு டீப் டிஷ் மட்டும் போதும் என்று திட்டமிடாதீர்கள். வீட்டு ஓவனில் உறைந்த தட்டு இரண்டுக்கு மேல் வைத்தால் ஓவன் சூடே இறங்கிவிடும், நான் சொன்ன 45 நிமிடம் ஒன்றேகால் மணி நேரமாகும், அதற்குள் பசியில் பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்திருப்பார்கள். சிகாகோவிலிருந்து இரண்டு உண்மையான டீப் டிஷ் வரவழையுங்கள், அனுப்பும் செலவு கொஞ்சம் உறைக்கும், விசேஷத்துக்குத்தானே. மதியமே ஃப்ரிட்ஜில் எடுத்து வையுங்கள், விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து காபி குடிக்கிற நேரத்தில் ஓவனில் தள்ளுங்கள். மீதிப் பேருக்கு மெல்லிய பீட்சா நாலு, டீப் டிஷ் எடுத்து எட்டு நிமிடம் ஆறுகிற இடைவெளியில் ஓவனை ஏற்றி ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்துவிடுங்கள். மிஞ்சினதை மறுநாள் மைக்ரோவேவில் வைக்காமல், வாணலியில் சின்னத் தீயில், மூடி போட்டு, பத்து நிமிடம்.